நியமனக் கடிதம் எழுதும்போது எவை கட்டாயம்? (இலங்கை, திருகோணமலை; ஏழு பேர் வேலை செய்யும் கடை)

உட்துறைமுகவீதி:

வணக்கம். திருமலை நகரில் ஹாட்வெயார் கடை, நிலாவெளி வீதியில் அதற்கொரு களஞ்சியம். மொத்தம் ஏழு பேர். கணக்குக்கு ஒருவர், கவுண்டரில் நால்வர், களஞ்சியத்தில் இருவர். சிலர் ஐந்து, ஆறு வருடமாக இருக்கிறார்கள். யாருக்கும் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் ஒழுங்காக நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும்.

இணையத்தில் எடுத்த ஆங்கில மாதிரி ஒன்று பதினொரு பக்கம் இருக்கிறது. எதை வைத்திருப்பது, எதை வெட்டுவது என்று விளங்கவில்லை. குறிப்பாக இவை:

சம்பளம் 40,000 ரூபா. அதை அடிப்படை 20,000, படிகள் 20,000 என்று பிரிக்கலாமா? தகுதிகாண் காலம் ஒரு வருடம் போடலாமா? கடை காலை 8.30 முதல் இரவு 7 வரை. கல்லாவில் காசு குறைந்தால் சம்பளத்தில் கழிப்பதாக எழுதலாமா? வேலையை விட்டபின் இரண்டு வருடத்துக்கு திருமலையில் வேறு ஹாட்வெயார் கடையில் சேரக்கூடாது என்றும் அந்த மாதிரியில் இருக்கிறது. கடைசியாக, தமிழில் எழுதினால் செல்லுமா? இரண்டு பேர் சிங்களம்தான் வாசிப்பார்கள்.

தொழிற்சட்டம்_திருமலை:

முதலில் ஒன்று. கடிதம் இல்லை என்பதால் ஒப்பந்தம் இல்லை என்றாகாது. ஆள் வேலைக்கு வந்து, நீங்கள் சம்பளம் கொடுத்த அன்றே வாய்மொழி ஒப்பந்தம் பிறந்துவிட்டது. சட்டம் தரும் உரிமைகள் எல்லாம் அன்றிலிருந்தே ஓடுகின்றன. கடிதம் இல்லாததால் நட்டப்படுபவர் பெரும்பாலும் முதலாளிதான். பிணக்கு வந்தால் "இப்படித்தான் பேசிக்கொண்டோம்" என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இருக்காது.

உங்கள் கடை 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்துக்குள் வருகிறது. ஆளைச் சேர்க்கும்போதே வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று அதன் 17 ஆம் பிரிவு சொல்கிறது. ஊழியரின் பெயர், பதவி, நியமனத்தின் தன்மை, தொடங்கிய திகதி, அடிப்படைச் சம்பளம், படிகள், சம்பளம் எந்தக் கால இடைவெளியில், தகுதிகாண் காலமும் அதன் நிபந்தனைகளும், வேலை நேரம், வாராந்த விடுமுறை, லீவுகள், மேலதிக நேர வீதம், ஊழியர் சேமலாப நிதி (EPF), வேலை முடிவுறும் நிபந்தனைகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இதற்கு மூன்று பக்கம் போதும். பதினொரு பக்க மாதிரியில் மிச்சமெல்லாம் வேறு நாட்டுச் சட்டத்துக்கு எழுதியதாக இருக்கும்.

பழைய ஆட்களுக்குக் கொடுக்கும்போது நடக்கும் பெரிய பிழை திகதி. கடிதம் அடிக்கும் திகதியையே சேவை தொடங்கிய திகதியாகப் போட்டுவிடுகிறார்கள். ஆறு வருடமாக இருப்பவருக்கு அவர் உண்மையில் சேர்ந்த திகதியைத்தான் எழுத வேண்டும். அவரைப் புதிதாகத் தகுதிகாண் காலத்தில் போடவும் முடியாது. அவர் சேவையை மறைத்துக் கடிதம் எழுதினால் அது உங்களைக் காப்பாற்றாது, உங்கள் நாணயத்தின்மேல் சந்தேகம் வரத்தான் உதவும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 31ஆ(4) என்றொரு பிரிவு இருக்கிறது. சேவை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் தாண்டி நிவாரணம் கொடுக்க, வேலைப் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். "ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து எப்போதும் நிறுத்தலாம்" என்று இரண்டு பேரும் கையெழுத்திட்டிருந்தாலும், நிறுத்தியது நியாயமா என்று சபை பார்க்கும். நியாயமில்லையென்றால் மீள வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். ஊழியர் விண்ணப்பிக்க வேண்டிய கால எல்லை, வேலை முடிந்ததிலிருந்து 6 மாதம்.

"15 பேருக்குக் குறைந்தால் எந்தச் சட்டமும் இல்லை" என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பிழை. 15 என்ற எண்ணிக்கை சில சட்டங்களுக்கு மட்டும்தான். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம், 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் (சேவைக் காலத்துக்கேற்ப வேலை முடியும்போது கொடுக்கும் தொகை பற்றியது), ஓய்வு வயது 60 என்று வைத்த 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் ஆகியவற்றில் அந்த எண்ணிக்கை வருகிறது. சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி (ETF), லீவு, மேலதிக நேரம், நியாய சபை எல்லாம் ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் உண்டு.

தகுதிகாண் காலம்: 6 மாதம் வழக்கம், தேவையென்றால் 3 மாதம் நீடிக்கலாம் என்று எழுதுங்கள். ஒரு வருடம் என்று போட்டால் ஆளைத் தொங்கவிடுவது போல இருக்கும். ஒரு கவுண்டர் வேலையாளை மதிப்பிட ஆறு மாதம் தாராளம். நீடிப்பதென்றால் முதல் ஆறு மாதம் முடியுமுன் எழுத்தில், காரணத்தோடு கொடுங்கள். அந்தக் காலத்துக்குள் நிறுத்த முதலாளி குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் நல்லெண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். இரண்டாம் மாதமும் ஐந்தாம் மாதமும் அரைப் பக்க மதிப்பீடு எழுதி, அவர் கையெழுத்தும் வாங்கி ஃபைலில் வையுங்கள். அதுதான் நல்லெண்ணத்துக்குச் சாட்சி.

வேறு கடையில் சேரக்கூடாது என்ற பந்தியை வெட்டிவிடுங்கள். தொழிலைத் தடுக்கும் நிபந்தனை நியாயமான அளவில், காக்க வேண்டிய ஒன்றைக் காக்க மட்டும் இருந்தால்தான் நிற்கும். ஆணியும் சீமெந்தும் விற்கும் தம்பியிடம் காக்க வேண்டிய இரகசியம் என்ன இருக்கிறது? அவர் பிழைப்பைத் தடுப்பது மட்டும்தான் மிஞ்சும். கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும், கடன் வாடிக்கையாளர் பட்டியலையும் கொள்முதல் விலைகளையும் வெளியில் கொடுக்கக்கூடாது என்று ஒரு வரி போதும்.

மொழி: தமிழில் எழுதினால் முழுதாகச் செல்லும். சிங்களம் வாசிப்பவர்களுக்குச் சிங்களத்தில் கொடுங்கள். வாசிக்க முடியாத தாளில் வாங்கிய கையெழுத்து பிறகு பிரச்சினைதான். ஒரே ஆளுக்கு இரண்டு மொழியிலும் கொடுத்தால், முரண்பட்டால் எந்தப் பிரதி மேலோங்கும் என்று ஒரு வரி சேருங்கள்.

கோணமலைக்_கணக்கர்:

சம்பளம், நேரம் இரண்டையும் நான் சொல்கிறேன். தொழில் அலுவலகத்தில் சிக்கல் வருவது பெரும்பாலும் இங்கேதான்.

20,000 அடிப்படை என்று எழுதவே வேண்டாம். தேசிய குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்ரல் 1 முதல் 27,000 ரூபா, 2026 ஜனவரி 1 முதல் 30,000 ரூபா. அடிப்படையே அந்த எல்லைக்குக் கீழே போனால் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி.

அதற்கு மேலேயும், பிரிப்பதால் நினைத்த அளவு மிச்சம் வராது. சேமலாப நிதி ஊழியரிடம் 8%, முதலாளி 12%. நம்பிக்கை நிதி 3%, அது முழுக்க முதலாளியின் கை, ஊழியரிடம் கழிக்கக்கூடாது. இவை கணக்கிடப்படுவது அடிப்படைச் சம்பளத்தில் மட்டுமல்ல. வாழ்க்கைச் செலவுப்படியும் அதுபோன்ற படிகளும், உணவுப்படியும், லீவு நாள் சம்பளமும், கொமிஷனும் "உழைப்பு" என்பதற்குள் வரும். மேலதிக நேரக் கொடுப்பனவு வராது. ஆகவே ஒவ்வொரு மாதமும் மாறாமல் கொடுக்கும் 10,000 ரூபாவுக்கு "விசேட படி" என்று பெயர் வைத்தாலும் அது சம்பளம்தான். 40,000க்கு ஊழியர் பங்கு 3,200, உங்கள் பங்கு 4,800, நம்பிக்கை நிதி 1,200. அதாவது உங்கள் உண்மையான செலவு ஆளுக்கு 46,000. பேரம் பேசும் முன்னமே இந்த எண்ணை வைத்துப் பேசுங்கள், பிறகு பிரிக்கத் தோன்றாது.

ஒரு மாதத்துப் பங்களிப்பை அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் சேமலாப நிதிக்கு 5% இல் தொடங்கி 50% வரை மேலதிகக் கட்டணம் ஏறும். தகுதிகாண் காலத்தில் கட்டத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும்.

இனி நேரம். சட்டப்படி ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. சாப்பாட்டு, ஓய்வு நேரங்கள் இதில் சேராது. உங்கள் கடை 8.30 முதல் 7 வரை, பத்தரை மணி நேரம். மதியம் 1 மணியும் பின்னேரத் தேநீருக்கு அரை மணியும் கழித்தால் 9. ஆகவே முழு நாள் ஒவ்வொன்றிலும் 1 மணி மேலதிக நேரம் விழுகிறது. ஐந்து முழு நாளுக்கு 5 மணி. ஆறாவது நாள் 8.30 முதல் 1 வரை அரை நாள் என்றால் நாலரை மணி. 40உடன் சேர்த்து 44½, எல்லைக்குள் நிற்கிறது. வாரத்தில் மேலதிக நேரம் 12 மணிக்கு மேல் போகக்கூடாது.

மேலதிக நேர வீதம் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரையால் பெருக்குவது வழக்கமான கணக்கு. 36,000 என்றால் மணிக்கு 150, மேலதிக மணிக்கு 225. 40,000 என்றால் மேலதிக மணிக்கு 250. வாரம் 5 மணி என்றால் நாலு வாரத்துக்கு 5,000 ரூபா. இதைக் கடிதத்தில் மறைத்து "கடை மூடும் வரை வேலை" என்று மட்டும் எழுதினால், வருகைப் பதிவைப் பார்த்தே தொழில் அதிகாரி நிலுவையைக் கணக்குப் போட்டுவிடுவார்.

வாராந்த விடுமுறை ஒன்றரை நாள், சம்பளத்தோடு. அந்த வாரத்தில் மேலதிக நேரம் தவிர்த்து 28 மணிக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும். சனிக்கிழமையும் முழு நாள் திறப்பதென்றால் அரை நாளைச் சுழற்சியில் கொடுங்கள். முஸ்லிம் ஊழியர் இருந்தால் வெள்ளி பின்னேரத்தை அவருடைய அரை நாளாக எழுதிக் கொடுக்கலாம், ஜும்மாவுக்குத் தனியாக லீவு கேட்க வேண்டியிருக்காது.

லீவு: வருடாந்தம் 14 நாள், அமைய லீவு (திடீர்த் தேவைக்கு எடுப்பது) 7 நாள். சேர்ந்த வருடத்தில் அமைய லீவு இரண்டு மாதத்துக்கு ஒன்று. அடுத்த வருடத்துக்கான வருடாந்த லீவு சேர்ந்த காலாண்டைப் பொறுத்தது: ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தால் 14, ஏப்ரல் முதல் ஜூன் என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பர் என்றால் 7, ஒக்டோபர் அல்லது அதற்குப் பிறகு என்றால் 4.

சட்டப்படியான விடுமுறை நாட்கள் 8. தைப்பொங்கல், சுதந்திர தினம், நபிகள் பிறந்த தினம், சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு அடுத்த நாள், நத்தார். கவனியுங்கள், தீபாவளியும் மகா சிவராத்திரியும் இதில் இல்லை. திருமலைக் கடைகளில் அந்த நாட்களில் வேலை நடக்காதென்பதால் எல்லோரும் உண்டு என்றே நினைக்கிறார்கள். கொடுப்பதென்றால் கொடுப்பதாக எழுதுங்கள், அமைய லீவில் கழிப்பதென்றால் அதையும் எழுதுங்கள். போயாவில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு.

கல்லாக் குறைவு: சட்டம் அனுமதிக்காத கழிவைக் கடிதத்தில் எழுதினாலும் கழிக்க முடியாது. கவுண்டரில் நால்வர் ஒரே கல்லாவில் கை வைத்தால் யாருடைய குறைவு என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒரு லாச்சி, காலையில் எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து, இரவில் எண்ணி வாங்கிக் கையெழுத்து. குறைந்தால் விளக்கம் கோரி, விசாரித்து, ஒழுக்காற்று வழியில் போங்கள். சம்பள நாளன்று சத்தமில்லாமல் வெட்டுவதுதான் முறைப்பாடாக வரும். மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கையில் போக வேண்டும் என்பதையும் கடிதத்தில் திகதியாகவே போடுங்கள்.

நிலாவெளிப்_பணியாள்:

ஊழியர் பக்கமாக ஒரு கேள்வி. கடற்கரை ஹோட்டல்களில் பதினொரு மாத ஒப்பந்தம் கொடுத்து, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, திரும்பப் பதினொரு மாதம் எழுதுகிறார்கள். "நிரந்தரம் இல்லை, ஆகவே பணிக்கொடை இல்லை" என்கிறார்கள். இது சரியா? கையெழுத்து வைக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

தொழிற்சட்டம்_திருமலை:

தவணை ஒப்பந்தம் தவறல்ல. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பருவம் மேயில் சூடு பிடித்து செப்டெம்பரோடு தணிகிறது, ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்று மழை. பருவத்துக்கு மட்டும் கூடுதலாக எடுக்கும் ஆளுக்கு "மே 1 முதல் செப்டெம்பர் 30 வரை, பருவகால வேலைக்காக" என்று எழுதுவதில் நேர்மை இருக்கிறது.

வருடம் முழுக்கத் திறந்திருக்கும் சமையலறையில் அதே ஆள், அதே வேலை, அதே சீருடை. அங்கே பதினொரு மாதமும் இரண்டு வார இடைவெளியும் வேறு கதை. பெயரைப் பார்க்காமல் உண்மையில் நடந்ததைப் பார்த்து, அதைத் தொடர் சேவை என்று நியாய சபையில் வாதிட வலுவான இடமுண்டு. அந்த இரண்டு வாரத்திலும் வேலைக்கு அழைத்த வட்ஸ்அப் செய்தி, பணிமுறைப் பட்டியல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, மின்னணு வடிவம் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றை ஒதுக்க முடியாது.

பணிக்கொடைக்கு 5 வருட நிறைவான சேவை வேண்டும், அந்த இடத்தில் முந்திய 12 மாதத்தில் ஒரு நாளாவது 15 பேர் வேலை செய்திருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 40,000 வாங்கியவர் 8 வருடத்துக்கு 160,000 பெற வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் 10% முதல் 30% வரை மேலதிகக் கட்டணம். 15 பேருக்குக் குறைந்த இடத்தில் இந்தச் சட்டம் வராவிட்டாலும், நியாய சபையில் பணிக்கொடை கேட்கும் வழி மூடப்படவில்லை.

15 பேரோ அதற்கு மேலோ இருந்து, முந்திய 12 மாதத்தில் நீங்கள் 180 நாள் வேலை செய்திருந்தால் 1971 சட்டமும் உங்களுக்கு உண்டு. ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியோ வேண்டும். ஒழுக்காற்றுக் காரணத்துக்காக நிறுத்தினால், காரணத்தை இரண்டாவது வேலை நாள் முடியுமுன் எழுத்தில் தர வேண்டும். இதனால்தான் "சம்மதிக்கிறேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கோணமலைக்_கணக்கர்:

கையெழுத்து வைக்குமுன் பார்ப்பதற்கு: அடிப்படைச் சம்பளம் எண்ணிலும் எழுத்திலும் இருக்கிறதா, சேவைக் கட்டணப் பங்கு தனி வரியாக இருக்கிறதா? ஹோட்டலில் "மொத்தம் 60,000 வரும்" என்று சொல்வார்கள், அதில் பாதி சேவைக் கட்டணமாக இருக்கும், வாடைக் காலத்தில் அது வற்றிவிடும். சேவைக் கட்டணத்தை எப்படிப் பகிர்கிறார்கள், புள்ளி முறையா, சம பங்கா, லீவு நாளுக்கு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டல், உணவக வேலைக்குத் தனிச் சம்பளச் சபை உண்டு, ஆகவே மேலே கடைக்குச் சொன்ன எண்கள் எல்லாம் அப்படியே உங்களுக்குப் பொருந்தும் என்று எடுக்க வேண்டாம்.

வெறுந்தாளில் கையெழுத்து, திகதி போடாத பதவி விலகல் கடிதம், மூலச் சான்றிதழ்கள், தேசிய அடையாள அட்டை, இந்த நான்கையும் கொடுக்காதீர்கள். சான்றிதழைக் காட்டிவிட்டுப் பிரதி கொடுத்தால் போதும். கையெழுத்திட்ட கடிதத்தின் பிரதியை அன்றே வாங்குங்கள், தராவிட்டால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். சேமலாப நிதி இலக்கத்தை முதல் சம்பளத்தோடு கேளுங்கள். சம்பளச் சீட்டில் 8% கழிப்பது மட்டும் போதாது, கட்டினார்களா என்பதே கேள்வி. நிதி மத்திய வங்கியிடம் இருக்கிறது, மீதியை அங்கே பார்க்கலாம். கட்டாவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

உட்துறைமுகவீதி:

மிக்க நன்றி. அடிப்படை 40,000 என்றே எழுதுகிறேன், மேலதிக நேரம் தனி. ஒன்று மட்டும் மிச்சம். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போகிறவர்களை எப்படிக் கையாள்வது? வேறொரு நாளில் வந்து "நீங்கள்தான் நிறுத்தினீர்கள்" என்றால்? களஞ்சியத்துக்கும் கடைக்கும் ஆட்களை மாற்றுவதையும் எப்படி எழுதுவது?

தொழிற்சட்டம்_திருமலை:

மூன்று நாள் வராவிட்டால் வேலையை விட்டதாகக் கொள்ளப்படும் என்று எழுதினால் மட்டும் அது பதவியைக் கைவிட்டதாகாது. ஆள் வராதது ஒன்று, திரும்பி வரும் எண்ணம் இல்லாதது மற்றொன்று. இரண்டும் வேண்டும். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு எண்ணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே நியமனக் கடிதத்தில் உள்ள விலாசத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பி, திகதி குறிப்பிட்டு வரச்சொல்லி, பதில் இல்லாவிட்டால் இரண்டாவது கடிதம் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டுகளை ஃபைலில் வையுங்கள். இதற்கு விலாசப் பந்தி அவசியம்.

இப்படி எழுதலாம்:

"ஊழியர் கீழே தந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்படும் கடிதம் அவருக்குக் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். விலாசம் மாறினால் 7 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும்."

"அறிவிக்காமல் தொடர்ந்து 3 வேலை நாட்கள் வராவிட்டால் நிறுவனம் பதிவுத் தபாலில் விளக்கம் கோரும். குறித்த திகதிக்குள் வேலைக்கு வராமலும் காரணம் தராமலும் இருந்தால், அவர் தாமாகப் பதவியைக் கைவிட்டதாக நிறுவனம் கருதலாம்."

"வேலை செய்யும் இடம் திருகோணமலை நகரக் கடை. தேவைக்கேற்ப நிலாவெளி வீதிக் களஞ்சியத்துக்கு மாற்றப்படலாம். மாற்றத்தால் சம்பளமும் பதவித் தரமும் குறையாது."

"தகுதிகாண் காலம் 6 மாதம். அது முடியுமுன் எழுத்தில் நீடிக்கப்படாவிட்டால் நியமனம் உறுதிப்படுத்தப்பட்டதாகும். அதன்பின் எந்தத் தரப்பும் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்."

கடைசிப் பந்தியைப் புதிதாகச் சேர்பவர்களுக்கு மட்டும் போடுங்கள். ஒவ்வொரு கடிதமும் இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்புச் சுருக்கொப்பம், கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்தும் திகதியும். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வர இரண்டு நாள் கொடுங்கள்.